மரத்தை வரையாமல் மரத்தைப் பார்ப்பது: அரூப ஓவியம் தொடங்குகிறவர்களுக்கு

அரூப ஓவியம், அதாவது பொருளை அடையாளம் தெரிய வரையாமல் நிறமும் கோடும் திட்டும் கொண்டே செய்யும் ஓவியம், பழக நினைக்கிறவர் முதல் நாள் செய்வது பெரும்பாலும் ஒன்றுதான். பெரிய தாளை விரிப்பார். சிவப்பு, மஞ்சள், கறுப்பு மூன்றையும் பிதுக்குவார். கண்ணை லேசாக மூடிக்கொண்டு கை போன போக்கில் இழுப்பார். முதல் தாள் நன்றாகவே இருக்கும். இரண்டாவதும் பரவாயில்லை. ஐந்தாவது தாளில்தான் சந்தேகம் தட்டும்: எல்லாம் ஒரே மாதிரி இருக்கின்றனவே? எனக்கு அது தெரியவே இருபது தாள் ஆனது. இருபதிலும் இடது கீழ் மூலையில் கிளம்பி வலப்பக்கம் மேலே ஏறும் ஒரு சுழி. உணர்ச்சி பொங்கி வருகிறது என்று நான் நம்பிக்கொண்டிருந்தது என் தோள்மூட்டு சுழலும் விதம், அவ்வளவுதான்.

கைக்குத் தெரிந்த வித்தை கொஞ்சம். வெளியே கிடப்பது ஏராளம். அதனால் இந்த வழிகாட்டியில் வண்ணக் குழாயைத் திறக்கவே ஒரு வாரம் ஆகும். முதல் வாரம் வெளியே போய் உட்கார்ந்து பார்ப்பது. அப்புறம் இரண்டு மூன்று நாள் வண்ணம் கலந்து பழகுவது. பிறகு சிறிய தாள்கள், கடைசியில் ஒரு பெரிய ஓவியம். மொத்தம் மூன்று வாரம் என்று வைத்துக்கொள்ளுங்கள். வரையத் தெரிந்திருக்க வேண்டிய கட்டாயம் இல்லை. நன்றாக வரையத் தெரிந்தவர்களுக்குத்தான் இதில் கொஞ்சம் சிரமம். காரணம் போகப் போகப் புரியும்.

இடம் பிடிப்பது

நடந்து போகிற தூரத்தில் ஓர் இடம் தேர்ந்தெடுங்கள். அழகான இடம் வேண்டாம். மலை முகடு, அருவி, சூரிய அஸ்தமனம் எல்லாம் ஏற்கெனவே படமாகி நம் தலைக்குள் உட்கார்ந்திருக்கின்றன. அங்கே போனால் அந்தப் படத்தைத்தான் பார்ப்போம். பாசி படிந்த சுவர், தேங்கிய தண்ணீர், இலை நிழல் விழும் மண்தரை, ஒரே ஒரு மரத்தின் அடிப்பகுதி, இவற்றில் எதுவும் போதும். ஏழு நாளும் அதே இடம், ஒரு தடவைக்கு இருபது நிமிடம். நேரத்தை மட்டும் மாற்றிக்கொள்ளுங்கள்: மூன்று நாள் காலை, இரண்டு நாள் உச்சி, இரண்டு நாள் பொழுது சாயும் நேரம்.

ஒரே இடமா, சலிக்காதா என்று கேட்பீர்கள். சலிக்கும், மூன்றாம் நாள் கட்டாயம் சலிக்கும். பெயர்கள் தீர்ந்துபோன பிறகு வருகிற சலிப்பு அது. கிளை, இலை, கல், தண்ணீர் என்று மனது சொல்லிச் சொல்லி முடித்துவிட்டது. இனிச் சொல்ல ஒன்றும் இல்லை. வேலை அங்கேதான் தொடங்குகிறது.

பிரெஞ்சு ஓவியர் மோனே 1890, 91 ஆண்டுகளில் வயலில் குவித்து நின்ற தானியப் போர்களையே சுமார் 25 தடவை வரைந்தார். பல கேன்வாஸ்களை ஒன்றாக எடுத்துப் போய், வெளிச்சம் மாற மாற ஒன்றை வைத்துவிட்டு அடுத்ததை எடுப்பார். அந்தத் தானியப் போர் ஓவியங்களில் ஒன்று 1896இல் மாஸ்கோவில் ஒரு கண்காட்சிக்கு வந்தது. அதன் முன் நின்ற காண்டின்ஸ்கி என்ற சட்டம் படித்த இளைஞருக்கு அது என்னவென்றே பிடிபடவில்லை. கண்காட்சிப் பட்டியலைப் பார்த்துத்தான் தானியப் போர் என்று தெரிந்துகொண்டார். பொருள் தெரியாமலே படம் தன்னைப் பிடித்து நிறுத்தியது அவரைச் சங்கடப்படுத்தியது, விடவும் இல்லை. அதே ஆண்டு வேலையை விட்டுவிட்டு ஓவியம் படிக்க மியூனிக் போனார். பின்னாளில் அரூப ஓவியத்தின் முன்னோடிகளில் ஒருவர் ஆனார். நாம் செய்யப்போவதும் இந்த வரிசையில்தான்: பொருளைப் பார்த்துப் பார்த்து, பொருள் கழன்று விழும்வரை பார்ப்பது.

எடுத்துப் போக வேண்டியவை

கோடு போடாத சின்ன நோட்டு, மென்மையான பென்சில் ஒன்று, நடுவில் ஒரு சென்டிமீட்டர் ஓட்டை போட்ட சாம்பல் நிற அட்டை. செல்போன் பையிலேயே இருக்கட்டும். புகைப்படம் எடுக்கவே கூடாதா? இந்த வாரம் கூடாது. கேமரா எல்லாவற்றையும் ஒரே சமயத்தில் பார்க்கிறது. நம் கண் அப்படிப் பார்ப்பதில்லை, அந்த வித்தியாசத்தைத்தான் நாம் தேடிப் போகிறோம்.

பார்ப்பது எப்படி

இந்தப் பகுதியை மட்டும் அவசரப்படாமல் படியுங்கள்.

கையை முழுக்க நீட்டிக் கட்டைவிரலை நிமிர்த்துங்கள். அதன் அகலம் கண்ணுக்கு ஏறத்தாழ இரண்டு டிகிரி. ஒரு சமயத்தில் நாம் மிகக் கூர்மையாகப் பார்ப்பது ஏறக்குறைய அவ்வளவு இடத்தைத்தான். மீதி எல்லாம் மங்கல். கண் ஒரு நொடிக்கு மூன்று தடவை போல இடம் மாறிக்கொண்டே இருக்கிறது. அந்தத் துண்டுகளை மூளை தைத்து முழுக்காட்சி என்று நமக்குக் கொடுக்கிறது. மரம் முழுவதையும் பார்த்தேன் என்பது தையல் முடிந்த பிறகு சொல்கிற பேச்சு. அரூப ஓவியருக்குத் தையலுக்கு முந்தைய துண்டுகள் வேண்டும். அவற்றைப் பிடிக்க நான்கு பயிற்சிகள் சொல்கிறேன். ஒரு நாளைக்கு ஒன்று போதும்.

முதல் பயிற்சி, பார்வையைக் கட்டிப்போடுவது. ஏதாவது ஒரு புள்ளியை, ஒரு முடிச்சையோ கூழாங்கல்லையோ, கண்ணை நகர்த்தாமல் ஒரு நிமிடம் பாருங்கள். இமைக்கலாம், நகர்த்தக்கூடாது. கொஞ்ச நேரத்தில் ஓரங்களில் இருப்பவை வெளுக்கும், சில காணாமலே போகும். டிராக்ஸ்லர் என்ற சுவிட்சர்லாந்து மருத்துவர் 1804இல் இதைப் பதிவு செய்திருக்கிறார். மாறாத தூண்டலை நரம்புகள் கொஞ்ச நேரத்தில் பொருட்படுத்தாமல் விட்டுவிடுவதால் இப்படி ஆகிறது. எது முதலில் மறைந்தது, எது கடைசிவரை நின்றது என்று குறித்துக்கொள்ளுங்கள். மெல்லிய நிற வேறுபாடுகள் சீக்கிரம் போகும், கடும் வெளிச்ச வேறுபாடுகள் தாக்குப்பிடிக்கும். ஓவியத்தில் எதை அழுத்தமாகவும் எதைக் கரையும்படியும் வைக்கலாம் என்பதற்கு இதைவிட நல்ல பாடம் எனக்குக் கிடைத்ததில்லை.

இரண்டாவது, கண்ணைச் சுருக்கிப் பார்ப்பது. இமைகளைப் பாதி மூடினால் விவரங்கள் கலங்கி, வெளிச்சமும் இருட்டும் மட்டும் பெரிய திட்டுகளாக நிற்கும். ஐந்தே திட்டுகளாக நோட்டில் போடுங்கள். ஆறு வேண்டாம்.

மூன்றாவதுக்குத்தான் ஓட்டை அட்டை. அதை முன்னால் பிடித்து, ஓட்டைக்குள் தெரியும் நிறத்தை மட்டும் பாருங்கள். பச்சை என்று நினைத்த இலைமேல் வைத்தால் வெளிர் நீலம் தெரியலாம், இலையின் பளபளப்பில் வானம் விழுந்திருக்கும். வெயில் பின்னாலிருந்து ஊடுருவும் இலையில் எரியும் மஞ்சள்பச்சை. தூரத்து மரக்கூட்டத்தில் பச்சையே இருக்காது, நீலச்சாம்பல். இடையில் உள்ள காற்று நீல ஒளியைச் சிதறடித்து அதன்மேல் ஏற்றுகிறது. அட்டையை எடுத்தவுடன் எல்லாம் மறுபடியும் பச்சையாகிவிடும். இந்தத் திரும்புதலைக் கவனியுங்கள். இலை என்றால் பச்சை என்று மனது திருத்தி எழுதுவதை நேரிலேயே பிடிக்கலாம்.

நான்காவது பொழுது சாயும் நேரத்துக்கு. சிவப்பும் பச்சையும் அருகருகே உள்ள இடமாக இருந்தால் நல்லது, ஒரு செடியும் அதில் நான்கு சிவப்புப் பூவும் போதும். பகலில் பூதான் முந்திக்கொண்டு தெரியும். இருட்ட இருட்டப் பூ கறுத்துப் பின்வாங்கும், இலைகள் அதைவிட வெளிச்சமாக முன்னால் வரும். பகலில் வேலை செய்யும், கண்ணின் கூம்பு செல்கள் 555 நானோமீட்டர் அலைநீளத்தின் பக்கமுள்ள மஞ்சள்பச்சை ஒளிக்கு அதிகம் அசைகின்றன. மங்கலில் பொறுப்பேற்கும் கோல் செல்களோ 500 நானோமீட்டரை ஒட்டிய நீலப்பச்சைக்கு. சிவப்பு அவற்றுக்கு ஏறக்குறைய இருட்டு. செக் நாட்டு உடலியல் அறிஞர் புர்கின்யே கண்டறிந்ததால் இதற்கு அவர் பெயர்தான். கண் இருட்டுக்கு முழுதாகப் பழக இருபது முப்பது நிமிடம் ஆகும். அதனால் இடையில் செல்போனைத் திறந்தால் கதை முடிந்தது, முதலிலிருந்து தொடங்க வேண்டும்.

என் இடம் தேங்கிய தண்ணீர். ஒரு தாழ்வான பள்ளம், மழை நின்று பல நாள் ஆகியும் வற்றாத நீர். காலடியில் பார்த்தால் அடிமண் தெரியும், எட்டிப் பார்த்தால் வானம்தான் தெரியும். நேர் கீழே பார்க்கும்போது நீர்ப்பரப்பு ஏறக்குறைய இரண்டு சதவீத ஒளியையே திருப்பி அனுப்புகிறது. பார்வை சாயச் சாய அது கூடிக்கொண்டே போய், தூரத்தில் கிட்டத்தட்டக் கண்ணாடி. ஆக ஒரே தண்ணீருக்குள் இரண்டு உலகம், நடுவில் எல்லைக்கோடு கிடையாது. முதல் மூன்று நாள் அந்தக் கோடில்லாத இடத்தைத்தான் வரையப் போகிறேன் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். நான்காம் நாள் ஒரு பூச்சி வந்து கெடுத்தது.

குறிப்பு எழுதுவது

படம் போடாதீர்கள், எழுதுங்கள். நன்றாக வரையத் தெரிந்தவர்களுக்குச் சிரமம் என்றேனே, அது இங்கேதான். பென்சிலைத் தொட்டதும் அவர்கள் கை அழகான கிளையாகப் போட்டுவிடும், பார்வை அதோடு நின்றுவிடும். என் நோட்டிலிருந்து நான்காம் நாளின் பக்கத்தை அப்படியே தருகிறேன்:

"காலை 8.10. காற்று இல்லை. வெயில் இடப்பக்கம். தண்ணீர் மேல் ஓடும் பூச்சி. கால் நூல் மாதிரி. ஆனால் அடிமண்ணில் விழும் நிழல் நூல் இல்லை, காசு மாதிரி வட்டம். ஒவ்வொரு காலுக்கும் ஒன்று. வட்டத்தைச் சுற்றி வெளிச்ச விளிம்பு. உடம்பின் நிழல் பொருட்டாகவே இல்லை. பூச்சி தாவினால் வட்டங்கள் அணைந்து வேறு இடத்தில் முளைக்கின்றன. 8.25: வட்டங்கள்தான் நிஜம், பூச்சி சும்மா."

கால் பட்ட இடத்தில் நீர்ப்பரப்பு குழிகிறது. அந்தக் குழி லென்ஸ் போல ஒளியை வெளிப்பக்கம் வளைத்துவிடுவதால் நடுவில் பெரிய இருட்டு, ஓரத்தில் ஒளிவளையம். இந்தக் காரணத்தை வீட்டுக்கு வந்துதான் யோசித்தேன். உட்கார்ந்திருக்கும்போது காரணம் தேட வேண்டாம், தேடினால் பார்ப்பது நின்றுபோகும்.

குறிப்பில் மூன்று விஷயம் இருந்தால் நல்லது: நேரம், எது எதாக மாறியது, உங்களை ஏமாற்றியது எது. அழகு, அமைதி, இனிமை போன்ற சொற்கள் வந்தால் அடித்துவிடுங்கள். வாரக் கடைசியில் ஏழு பக்கத்தையும் படித்து, ஒரே ஒரு வினைச்சொல்லைப் பொறுக்கி எடுங்கள். கவனியுங்கள், வினைச்சொல். பெயர்ச்சொல்லை எடுத்தால் கை அந்தப் பொருளை வரையப் போய்விடும். கரை, உரி, தொங்கு, நழுவு, முளை, அழுந்து. வினையை வரைய முடியாது, செய்யத்தான் முடியும், அதனால்தான் அது உதவுகிறது. என் சொல் அழுந்து.

வண்ணமும் தாளும்

தொடங்குகிறவர்களுக்கு அக்ரிலிக்தான் என் பரிந்துரை. தண்ணீரில் கலக்கும், அரைமணியில் காயும், அடுக்கு மேல் அடுக்கு போடலாம். எண்ணெய் வண்ணத்தின் ஆழம் இதில் வராது என்பார்கள். உண்மைதான், ஆனால் முதல் வருடத்தில் ஆழத்தைவிடத் தவறு செய்து திருத்தும் வேகம் முக்கியம்.

ஐந்து குழாய் வாங்குங்கள்: அல்ட்ராமரின் நீலம், மெஜந்தா, ஒரு குளிர்ந்த (லேசாகப் பச்சைப் பக்கம் சாயும்) மஞ்சள், பர்ன்ட் அம்பர் என்ற கரும்பழுப்பு, டைட்டானியம் வெள்ளை. வெள்ளை மட்டும் பெரிய குழாய். கறுப்பு வேண்டாம். அல்ட்ராமரினையும் அம்பரையும் கலந்தால் கறுப்புக்குப் பக்கத்தில் வந்துவிடும். நீலம் கூட்டினால் குளிர்ந்த இருட்டு, பழுப்பு கூட்டினால் வெதுவெதுப்பான இருட்டு. கடைக் கறுப்பில் இந்தச் சாய்வு கிடைக்காது. குழாயின் பின்பக்கம் பொடி எழுத்தில் நிறமியின் பெயரும் எண்ணும் இருக்கும். ஒரே நிறமி உள்ளதாகப் பார்த்து எடுங்கள். இரண்டு மூன்று நிறமி கலந்த குழாய்களை மறுபடியும் ஒன்றோடொன்று கலந்தால் சேறுதான் மிஞ்சும், ஏனென்றால் ஒவ்வொரு நிறமியும் ஒளியில் ஒரு பங்கை விழுங்குகிறது. கூட்டம் கூடக் கூட மீதம் வருவது குறையும்.

தாள் சதுர மீட்டருக்கு 300 கிராம் எடையுள்ளதாக இருக்கட்டும். மெல்லிய தாள் ஈரத்தில் சுருண்டு எரிச்சல் மூட்டும். ஓரங்களை மாஸ்கிங் டேப்பால் பலகையில் ஒட்டிவிடுங்கள். தட்டை பிரஷ் இரண்டு, பேலட் கத்தி (வண்ணம் கலக்கவும் வழிக்கவும் உதவும் மழுங்கிய கத்தி) ஒன்று, பழைய துணி, தண்ணீர்ப் பாத்திரம் இரண்டு. பிரஷில் அக்ரிலிக் காய்ந்தால் அந்த பிரஷ் போன மாதிரிதான், உடனுக்குடன் கழுவுங்கள்.

ஒரு விஷயம் முன்னாலேயே தெரிந்திருந்தால் எனக்குப் பாதி ஓவியங்கள் தப்பியிருக்கும். அக்ரிலிக் காயும்போது கொஞ்சம் கறுக்கும். அதன் பசை ஈரத்தில் பால் போல வெளுத்திருக்கும், காய்ந்ததும் கண்ணாடியாகிவிடும். அந்த வெளுப்பு போனால் நிறம் இறங்கும். நீர்வண்ணம் நேர் எதிர், காய்ந்தால் வெளுக்கும். அதனால் கலந்த நிறத்தை ஒரு துண்டுத் தாளில் தடவி, காயவைத்துப் பார்த்த பிறகு முடிவெடுங்கள். இன்னொன்று வெளிச்சம். மஞ்சள் விளக்கடியில் ராத்திரி கலந்து, மென்சாம்பல் என்று பெருமையாக நான் பூசிய பெரிய தளம் காலையில் பளிச்சென்ற ஊதாவாக நின்றது. வண்ணக் கலவையைப் பகலில் வைத்துக்கொள்ளுங்கள்.

அக்கம்பக்கம் பார்த்து நிறம் வைப்பது

19ஆம் நூற்றாண்டில் பாரிஸின் கோப்லேன் திரைச்சீலைத் தொழிற்சாலையில் சாயப் பிரிவுக்குப் பொறுப்பாக இருந்தவர் ஷெவ்ரல் என்ற வேதியியலாளர். கறுப்புச் சாயம் சரியில்லை, வெளுத்துத் தெரிகிறது என்று புகார் வந்தது. அவர் சோதித்தார். சாயத்தில் குற்றமில்லை. கறுப்பு நூலுக்குப் பக்கத்தில் ஓடிய நீல, ஊதா நூல்கள்தான் அதை அப்படிக் காட்டின. நிறங்கள் அருகருகே இருக்கும்போது ஒன்றையொன்று தம் எதிர்த்திசைக்குத் தள்ளுகின்றன என்று 1839இல் விரிவாக எழுதி வெளியிட்டார். இது ஓவியர்களிடம் பரவிப் பெரிய விளைவுகளை உண்டாக்கியது. ஓவியர் ஜோசஃப் ஆல்பர்ஸ் 1950இல் தொடங்கி 1976இல் இறக்கும்வரை சதுரத்துக்குள் சதுரம் என்ற ஒரே அமைப்பில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட ஓவியங்கள் செய்தார். பெரும்பாலும் குழாயிலிருந்து எடுத்தபடியே, கலக்காமல். நிறம் பக்கத்து நிறத்தைப் பார்த்து எப்படி மாறுகிறது என்பதற்கு மேல் அதில் அவருக்கு வேறு கதை தேவைப்படவில்லை.

நீங்கள் செய்ய வேண்டியது எளிது. அம்பர், நீலம், வெள்ளை கலந்து ஒரு நடுச்சாம்பல் செய்து தாளில் பூசி, காய்ந்ததும் ஐந்து சென்டிமீட்டர் சதுரங்களாக வெட்டுங்கள். உங்கள் இடத்தின் நிறங்களில் நான்கைந்து பெரிய தாள்களையும் பூசிக் காயவையுங்கள். சாம்பல் துண்டை ஒவ்வொன்றின் மேலும் வைத்துப் பாருங்கள். பச்சைத் தாளில் அது லேசாகச் சிவக்கும், இருண்ட தாளில் வெளுக்கும், வெளிர் தாளில் கறுக்கும். அரை நாள் விளையாடுங்கள். இதற்குப் பிறகு, சிவப்பு போதவில்லை என்று தோன்றினால் குழாயிலிருந்து இன்னும் சிவப்பைப் பிதுக்க மாட்டீர்கள். பக்கத்தில் இருப்பதை மாற்றுவீர்கள்.

சிறிய தாள்கள்

இனித்தான் ஓவியம். 10க்கு 15 சென்டிமீட்டர் தாள்கள் பன்னிரண்டு வெட்டி வையுங்கள். குறிப்பு நோட்டை ஒருமுறை படித்துவிட்டு மூடிவிடுங்கள், திறந்து வைத்துக்கொண்டு வரைய வேண்டாம். ஒவ்வொரு தாளுக்கும் பத்து நிமிடம்.

முதல் தாளில் நினைவில் இருப்பதையெல்லாம் போடுங்கள். எனக்கு முதல் தாளில் பூச்சியே வந்துவிட்டது, ஆறு காலோடு. பரவாயில்லை. அடுத்த தாளில் ஒன்றைக் கழியுங்கள். பூச்சி போனது. அதற்கடுத்ததில் இன்னொன்று: வானத்தின் பிரதிபலிப்பு போனது. அப்புறம் வட்டங்களின் கறுப்பு நிறமே போய், அவற்றைச் சுற்றிய வெளிச்ச விளிம்பு மட்டும் நின்றது. ஏழாவது தாளில் வட்டங்கள் நீள்வட்டமாகி, தாளின் மேல் விளிம்பை ஏதோ கனமான ஒன்று அழுத்துவது போல எல்லாம் கீழே இறங்கியிருந்தன. இதுதான் என்று தெரிந்தது. எட்டாவதில் அதிகமாகக் கழித்துவிட்டேன், வெறும் பழுப்புத் தாள்.

கழிக்கும் வரிசையைக் கண்ணால் பார்க்க வேண்டுமென்றால் டச்சு ஓவியர் மோண்ட்ரியானின் மரங்களைத் தேடிப் பாருங்கள். 1908இல் தொடங்கிய சிவப்பு மரத்தில் மரம் மரமாகவே இருக்கிறது, நிறம் மட்டும் தீப்பிடித்தது போல. 1911இன் சாம்பல் மரத்தில் கிளைகளும் அவற்றுக்கு இடைப்பட்ட வெற்றிடமும் ஒரே எடைக்கு வந்துவிட்டன. 1912இன் பூத்த ஆப்பிள் மரத்தில் வளைவுகள்தான் மிச்சம். தலைப்பு சொல்லாவிட்டால் மரம் என்று பலர் கண்டுபிடிக்க மாட்டார்கள். பின்னாளில் அவர் வளைவையும் விட்டார். நேர்கோட்டுக் கட்டங்கள் மட்டும் பார்த்தவர்களுக்கு அவை வானத்திலிருந்து குதித்தவை போலத் தெரியும். ஒவ்வொரு படியாக இறங்கி வந்தவை அவை.

எதிர்த்திசையில் போனவர்களும் உண்டு, கழிக்காமல் உடம்பில் ஏற்றிக்கொண்டவர்கள். அமெரிக்க ஓவியர் ஹெலன் ஃபிராங்கென்தாலர் 1952இல் கனடாவின் நோவா ஸ்கோஷியா கடற்கரைக்குப் போய் நீர்வண்ணத்தில் சிறு படங்கள் வரைந்தார். நியூயார்க் திரும்பியதும் பெரிய கேன்வாஸைத் தரையில் விரித்து, நீர்த்த எண்ணெய் வண்ணத்தை அதில் ஊறவிட்டு வரைந்ததுதான் 'மலைகளும் கடலும்'. கேன்வாஸுக்கு முன்பூச்சு கிடையாது, வண்ணம் துணிக்குள்ளேயே இறங்கியது. ஆசையாக இருக்கும், ஆனால் எண்ணெய் வண்ணத்தில் இதைச் செய்யாதீர்கள், எண்ணெய் பட்ட வெறும் துணி நாளடைவில் இற்றுப்போகும். நீர்த்த அக்ரிலிக்கில் தாராளமாகச் செய்யலாம்.

பன்னிரண்டையும் தரையில் பரப்புங்கள். எது அழகு என்று கேட்காதீர்கள். எதில் உங்கள் வினைச்சொல் நடக்கிறது என்று கேளுங்கள். அந்த ஒன்றை எடுத்துச் சுவரில் ஒட்டுங்கள். மற்றவற்றைத் தூக்கிப் போடாமல் ஒரு உறையில் வையுங்கள், அடுத்த ஓவியம் பெரும்பாலும் அதில்தான் ஒளிந்திருக்கும்.

பெரிய ஓவியம்

40க்கு 50 சென்டிமீட்டர் கேன்வாஸோ தாளோ போதும். சிறிய தாளைக் கட்டம் போட்டுப் பெரிதாக்காதீர்கள். விரலால் போட்ட கோடு மணிக்கட்டால் போட வேண்டியதாகிறது, மணிக்கட்டின் வேலை தோளுக்குப் போகிறது. அசைவு மாறினால் கோடும் மாறும். பெரிதாக்கினால் பிணம், மறுபடியும் செய்தால்தான் உயிர்.

முதல் அடுக்கு நீர்த்ததாக, தளம் முழுக்க. உங்கள் இடத்தின் பெரிய வெளிச்ச நிலை என்னவோ அது. காயட்டும். இரண்டாவது அடுக்கில் ஐந்து திட்டுப் பயிற்சியை நினைத்துக்கொண்டு பெரிய பகுதிகள். காயட்டும். மூன்றாவதில்தான் வினைச்சொல். அதற்குக் கருவியை மாற்றிப் பாருங்கள்: அழுந்து என்றால் பிரஷ் எதற்கு? நான் துணியைச் சுருட்டி வண்ணத்தில் தோய்த்து அழுத்தினேன், அப்புறம் பேலட் கத்தியால் நடுவை வழித்தெடுத்தேன். வழித்த இடத்தில் அடியிலிருந்த வெளிச்சம் எட்டிப்பார்த்தது. இந்திய அரூப ஓவியர் கெய்தோண்டே ரோலரையும் பேலட் கத்தியையும் வைத்து, பூசியும் வழித்தும், ஒளி உள்ளிருந்து வருவது போன்ற தளங்களை உருவாக்கினார். நீண்ட நேரம் பார்த்துக்கொண்டே இருந்து, ஆண்டுக்கு மிகச் சில ஓவியங்களே செய்தவர் அவர்.

சேறு ஏறுவது பெரும்பாலும் அவசரத்தால். ஈரத்தின் மேல் ஈரம், அதன் மேல் இன்னொரு நிறம், மேலும் கீழும் நான்கு தடவை பிரஷ். கை துறுதுறு என்றால் பக்கத்தில் இன்னொரு சின்னத் தாளை வைத்துக்கொண்டு அதில் விளையாடுங்கள். நான் இரண்டு ஓவியங்களை ஒரே சமயத்தில் செய்வது வேகத்துக்காக அல்ல, ஒன்று காயும்வரை கையைக் கட்டிப்போட.

ஒவ்வொரு அடுக்குக்கும் இடையில் எழுந்து ஐந்து எட்டு வைத்துப் பின்னால் போய்ப் பாருங்கள். ஓவியத்தைத் தலைகீழாகத் திருப்பிப் பாருங்கள், கண்ணாடியில் பாருங்கள். இப்போது செல்போனை எடுக்கலாம்: படமெடுத்துக் கறுப்புவெள்ளையாக மாற்றினால், வெளிச்சத் திட்டுகள் நிற்கின்றனவா, எல்லாம் ஒரே சாம்பலா என்று நொடியில் தெரிந்துவிடும். பெரும்பாலான ஓவியங்களில் நிறம் குற்றவாளி இல்லை, வெளிச்ச அளவுதான்.

எப்போது நிறுத்துவது என்பதற்கு யாரிடமும் சூத்திரம் கிடையாது. என் வழக்கத்தைச் சொல்கிறேன். அடுத்து என்ன செய்ய வேண்டும் என்று தெளிவாகத் தெரிந்தால் செய்வேன். ஏதாவது செய்யலாமே என்று மட்டும் தோன்றினால், சுவர்ப் பக்கம் திருப்பி வைத்துவிட்டு ஒரு வாரம் தொட மாட்டேன். அந்த வாரத்தில் இடத்துக்கு இன்னொரு தடவை போய் வருவேன். அந்தப் பள்ளத்துக்கு நான் கடைசியாகப் போனபோது தண்ணீர் வற்றி, சேற்றில் பிளவு விட்டிருந்தது. திரும்பி வந்து ஓவியத்தைத் திருப்பினால், நான் குறையாக நினைத்த வெறும் மூலை சரியாகவே இருந்தது. மிகையாக இருந்தது நடுவில் ஆசைப்பட்டு வைத்த ஒரு மஞ்சள் பொட்டு. அதை மூடினேன். முடிந்தது.

மற்றவர்களிடம் காட்டும்போது இது என்னவென்று தெரிகிறதா என்று கேட்டுவிடாதீர்கள். மேகம், யானை, வரைபடம் என்று பதில் வரும், பிறகு நீங்களும் யானையைத்தான் பார்ப்பீர்கள். கண் முதலில் எங்கே போனது, அப்புறம் எங்கே போனது என்று மட்டும் கேளுங்கள். அந்தப் பதிலை வைத்து ஏதாவது செய்ய முடியும்.

பின்பக்கம்

காய்ந்ததும் பின்பக்கம் எழுதிவிடுங்கள்: தேதி, இடம், வினைச்சொல், எந்த வண்ணங்கள், எந்த வரிசை அடுக்குகள். இரண்டு வருடம் கழித்து அந்த வெதுவெதுப்பான இருட்டை எப்படிக் கலந்தோம் என்று மண்டையைக் குடைய வேண்டியிருக்காது. அப்படியே எது மேல்பக்கம் என்று பெரிய அம்புக்குறி ஒன்றும் போடுங்கள். சிரிக்காதீர்கள். மோண்ட்ரியான் 1941இல் வண்ண டேப்புகளை ஒட்டிச் செய்த 'நியூயார்க் நகரம் 1' பல பத்தாண்டுகளாக அருங்காட்சியகங்களில் தலைகீழாகவே தொங்கியிருக்க வேண்டும் என்று 2022இல் தெரியவந்தது. அவருடைய பணிக்கூடத்தில் 1944இல் எடுத்த புகைப்படத்தில் அது வேறு பக்கமாக நிற்கிறது. இப்போது திருப்பினால் பழைய டேப் உதிர்ந்துவிடும் என்பதால், தெரிந்தே அப்படியே விட்டிருக்கிறார்கள்.